முத்துப்பேட்டைக்காரர் யாருக்குத் துணை?

முத்துப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி, 01.08.2025, மாலை

எங்கள் ஊர் எம்.எஸ். பாஸ்கருக்குத் தேசிய விருது. வெடி வாங்கி வைத்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தால் 'சிறந்த துணை நடிகர்' என்று இருக்கிறது. 'பார்க்கிங்' படத்தில் பாதிச் சுமை அவர் தலையில்தானே? அதிலும் மலையாள நடிகர் ஒருவரோடு பங்கு. அவர் யாருக்குத் துணை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

01.08.2025, இரவு 9.40

விவரம் தெரிந்தவன் இல்லை நான். மன்னார்குடிப் பக்கம் பத்து மா நிலம், கூடவே ஒரு உரக்கடை. குறுவைக்கு மேலுரம் போடுகிற நேரம், நாள் முழுக்க யூரியா மூட்டைதான். இப்போதுதான் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ். என்பதில் உள்ள எம் முத்துப்பேட்டைதான். சீரியலில் பட்டாபியாக வந்தபோது எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு சிரித்தோம். 'மொழி' படத்தில் மகன் செத்துப்போன வருஷத்திலேயே நின்றுவிட்ட பேராசிரியராக வந்தபோது அதே தட்டு மடியில் அப்படியே இருந்தது.

இனி கேள்விக்கு. 71வது தேசிய விருதுகள், 2023ஆம் ஆண்டுப் படங்களுக்கானவை. 'பார்க்கிங்'குக்கு மூன்று: சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை (இயக்குநர் ராம்குமார் பாலகிருஷ்ணன்), அப்புறம் பாஸ்கர். வீட்டுக் கீழ்ப்பகுதியில் பல வருஷமாகக் குடியிருக்கும் அரசு ஊழியர், மாடிக்குப் புதிதாக வந்த ஐடி பையன், நடுவில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம். இவர்கள் இரண்டு பேர் சண்டைதான் படம். ஒருவர் நாயகன், ஒருவர் துணை என்றால் அந்தச் சண்டையில் துணை எங்கே வந்தது? எதிராளி என்று சொன்னால் புரியும்.

02.08.2025, காலை

என் தங்கை மகன் வேறு கணக்கோடு வந்தான். அதே 2023இல் 'விடுதலை' முதல் பாகம், 'மாமன்னன்', 'சித்தா' எல்லாம் வந்தன, அவற்றைக் காணோமே என்றான். சரிடா, மூன்றையும் தூக்கிவிட்டு எதை எடுப்பாய் என்றேன். 'ஜவான்' என்றான். அதை எடுத்தவர் தமிழர்தானேடா என்றதும் கொஞ்சம் யோசித்தான். ஷாருக்கானுக்கு இது முதல் தேசிய விருதாம், அதுவும் விக்ராந்த் மாசியோடு பங்கு. 2 லட்சம் ரூபாயை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு லட்சம். அவர் அதை வைத்து என்ன செய்வார் என்று கடையில் ஒரு மணி நேரம் பேசினோம். முடிவு தெரியவில்லை.

02.08.2025, மதியம்

காலையில் எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். பாஸ்கரோடு பங்கு வாங்கியவர் விஜயராகவன், படம் 'பூக்காலம்'. அதில் நூறு வயதுக் கிழவராக வருகிறார், கதையே அவரைச் சுற்றித்தான். ஊர்வசிக்கு 'உள்ளொழுக்கு' படத்துக்காகத் துணை நடிகை. அதிலும் மாமியாரும் மருமகளும் சரிபாதி. ஆக ஒருவர் இல்லை, மூன்று பேரை ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். ஊர்வசி சும்மா இருக்கவில்லை, எந்த அளவுகோலை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார். முத்துப்பேட்டைத் தம்பி, உங்கள் கேள்வியைத்தான் அவரும் கேட்கிறார்.

கேரளத்தில் வேறொரு சண்டையும் ஓடுகிறது. சிறந்த இயக்குநர் விருதை அவர்கள் முதலமைச்சரே கண்டித்திருக்கிறார். அதற்குள் நான் போகவில்லை.

02.08.2025, இரவு

'பார்க்கிங்' நம் பக்கத்தில் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர். இடத்துக்கு ஒரு சண்டையும் இல்லை, ஒருவர் வைக்கோல்போர் பக்கத்திலேயே நிறுத்துகிறார். ஆனால் அந்தப் படத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண் எடுக்காமல் பார்த்தார்கள்.

அது வரப்புத் தகராறு. வேறொன்றும் இல்லை.

வருஷம் ஒரு மண்வெட்டி அளவு வரப்பைச் சீவித் தன் பக்கம் தள்ளிக்கொள்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த வயல்காரன் அடுத்த வருஷம் அதையே திருப்பிச் செய்வான். மேல்மடைக்காரன் தண்ணீரை அடைத்தால் கீழ்மடைக்காரன் ராத்திரி டார்ச்சோடு போய் வெட்டிவிடுவான். எங்கள் பெரியப்பாவும் பக்கத்து நிலத்துக்காரரும் பதினெட்டு வருஷம் பேசவில்லை. காரணம் ஒரு முழ வரப்பு. இவர்கள் இருவரில் நாயகன் யார்? எங்கள் வீட்டில் கேட்டால் பெரியப்பா. அவர்கள் வீட்டில் கேட்டால் அவர். பெரியப்பா செத்த அன்று மூங்கில் வெட்டிக் கொடுத்தது அவர்தான். அப்போதும் எங்கள் சித்தி, மூங்கில் எந்தப் பக்கத்துக் கொல்லையில் வெட்டியது என்று விசாரித்தாள்.

பாஸ்கர் அந்தப் படத்தில் செய்தது இதைத்தான். கெட்டவன் மாதிரி நடிக்கவில்லை, தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்புகிறவனாக நடித்தார்.

03.08.2025, ஆடிப்பெருக்கு

காலையில் ஆற்றங்கரையில் கூட்டம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்துவிட்டதால் பாமணியாற்றில் தண்ணீர் நன்றாகவே ஓடுகிறது. காப்பரிசி, மஞ்சள் கயிறு எல்லாம் முடிந்து டீக்கடைக்கு வந்தால் அங்கேயும் இதே பேச்சு.

எழுபது தாண்டிய இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சிவாஜி கட்சி, ஒருவர் எம்.ஜி.ஆர். கட்சி. நான் வாயைத் திறந்தது தப்பு. "சூரக்கோட்டைக்காரருக்கே சிறந்த நடிகர்னு தேசிய விருது குடுக்கலை, நீ துணைக்கு வந்துட்டே" என்றார் முதலாமவர். அது உண்மைதான். 1960இல் கெய்ரோவில் ஆப்பிரிக்க-ஆசியப் பட விழாவில் கட்டபொம்மனுக்காகச் சிறந்த நடிகர் வாங்கிய சிவாஜிக்கு டெல்லியில் அந்த விருது கடைசிவரை வரவில்லை. "எங்காளு ரிக்‌ஷாக்காரனுக்கு வாங்கினாரே" என்றார் இரண்டாமவர். அதுவும் உண்மை, 1971ஆம் ஆண்டுக்கு. "உங்காளு எந்த ஊரு?" "கும்பகோணம் ஆனையடிப் பள்ளிக்கூடத்துல படிச்சவருய்யா." ஆக இருவரும் நம் பக்கத்து ஆட்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

டீக்காசு நான் கொடுத்தேன்.

04.08.2025

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. துணை என்ற சொல்லையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

நம் பக்கத்து மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாயனம் முன்னால், தவில் பக்கவாத்தியம். பேர் அப்படி. ஆனால் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலத்தில் தவிலைக் கேட்கவே கூட்டம் வரும் என்று என் தாத்தா சொல்வார். தனி ஆவர்த்தனம் முடிகிற வரை நாயனக்காரர் சீவாளியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் யார் யாருக்குப் பக்கம்?

இந்த மேளத்தை வைத்து எடுத்த படம் 'தில்லானா மோகனாம்பாள்'. 1968. சிவாஜி நாயனம், பாலையா தவில். அந்த ரயில் பெட்டிக் காட்சியை இன்றைக்குப் போட்டாலும் கடையில் வியாபாரம் நின்றுவிடும். அப்புறம் நாகேஷ், வைத்தி. மனோரமா, ஜில் ஜில் ரமாமணி. அந்த வருஷம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குத்தான். ஆனால் இந்த மூவரில் ஒருவருக்காவது கொடுத்தார்களா? ஒருவருக்கும் இல்லை. இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா?

05.08.2025

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். திருவாரூரில் கல்லூரியில் படிக்கும் என் மகள் படித்துவிட்டு, "அப்பா, சும்மா பொங்காதீங்க" என்று போன் போட்டாள்.

துணை நடிகர் என்ற தேசிய விருதே 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் ஆரம்பம். முதல் ஆள் விக்டர் பானர்ஜி. தேசிய அளவில் சிறந்த நடிகர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பதே 1967ஆம் ஆண்டுக்குத்தான் தொடங்கியது, முதலில் வாங்கியவர் வங்காளத்து உத்தம் குமார். அடுத்த வருஷம், அதாவது தில்லானா வருஷம், அசோக் குமார். ஆக 1968இல் பாலையாவுக்குக் கொடுக்க நினைத்திருந்தாலும் அதற்கு ஒரு பெட்டி இல்லை. அவர் 1972இல் போய்விட்டார்.

மற்ற இருவரும் காத்திருந்து வாங்கினார்கள். மனோரமாவுக்கு 1989இல் 'புதிய பாதை', நாகேஷுக்கு 1994இல் 'நம்மவர்'. இரண்டுமே துணைப் பிரிவு. ஆயிரம் படத்துக்கு மேல் நடித்த அந்த அம்மா மன்னார்குடியில் பிறந்தவர். இதை நான் நேற்றே சொல்லியிருக்க வேண்டும், ஊர்க்காரன் என்று என்ன பிரயோஜனம்.

இன்னொன்று. ஊர்வசிக்கு இது முதல் முறை என்று கடையில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். தப்பு. 2005இல் 'அச்சுவின்டே அம்மா' படத்துக்கே வாங்கியிருக்கிறார், அதுவும் இதே துணைப் பிரிவுதான். அந்த இரண்டு மூன்று பேர் இதைப் படித்தால் மன்னிக்கவும்.

06.08.2025

மகள் சொன்னதை வைத்து நான் அடங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். 1992க்கான விருதுகளைப் பாருங்கள், 'தேவர் மகன்'. ரேவதிக்குத் துணை நடிகை. சிவாஜிக்கு? அவரைத் துணை என்று எழுத யாருக்கும் கை வரவில்லை போலிருக்கிறது, நடுவர் குழுவின் சிறப்பு விருது என்று வேறு பேர் வைத்துக் கொடுத்தார்கள். ஆக வேண்டும் என்று நினைத்தால் வழி இருக்கிறது! இந்த முறை அசுதோஷ் கோவாரிகர் தலைமையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வழி தெரியாதா என்ன?

06.08.2025, பத்து நிமிஷம் கழித்து

ஆனால் சிறப்பு விருது என்பதும் சில சமயம் ஒரு மழுப்பல்தான். 'கடைசி விவசாயி'யில் நடித்த நல்லாண்டி நிஜ விவசாயி. படம் வெளிவருவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 2021க்கான விருதுகளில் அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படம், அவருக்குச் சிறப்புக் குறிப்பு. சிறப்புக் குறிப்பு என்றால் சான்றிதழோடு சரி, தாமரைப் பதக்கம் கிடையாது. படம் முழுக்க அவர் முகம்தான். அதை நாங்கள் ஒன்பது பேர் ஒரே டிவியில் பார்த்தோம். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது எங்கள் பங்காளி ஒருவர், "குடத்தை அப்படிச் சாய்க்கக் கூடாது" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவர் எல்லாப் படத்துக்கும் சொல்வார்.

10.08.2025

மழைத்தூறல், கடையில் ஆள் இல்லை. இவ்வளவு நாள் இதைப் பற்றி ஏன் இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் கேட்டாள். காரணம் இருக்கிறது.

1988, மாசித் திருவிழா. எங்கள் ஊர் இளைஞர்கள் ஒரு சமூக நாடகம் போட்டோம். அதற்கு முன்னால் எல்லாம் வெளியூர் செட்டுதான் வரும்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன். கவனியுங்கள், துணைபார்ட் என்று ஒன்று அதில் இல்லை. பபூன் பபூனாகவே வருவார், அவருக்குத் தனிக் கைதட்டல், தனி அன்பளிப்பு, சட்டையில் குத்துகிற பத்து ரூபாய் நோட்டு.

எங்கள் நாடகத்தில் எனக்குக் கணக்குப்பிள்ளை வேஷம். நாயகனாக நடித்தவரின் அப்பாதான் மைக்செட்டுக்கும் பந்தலுக்கும் பணம் கொடுத்தவர். அந்த அண்ணன் நல்ல மனுஷன், பார்க்க லட்சணமாக இருப்பார். வசனம் மட்டும் நிற்காது. இரண்டாம் காட்சியிலேயே மறந்துவிட்டார். திரைக்குப் பின்னால் புத்தகம் வைத்திருந்தவன் சுண்டல் வாங்கப் போய்விட்டான். நான் உடனே, "முதலாளி சொல்ல வர்றது என்னன்னா..." என்று ஆரம்பித்து அவர் வசனத்தையும் நானே சொன்னேன். அதிலிருந்து விடியற்காலை வரை அப்படித்தான். அவர் மீசையைத் தடவுவார், நான் விளக்கம் சொல்வேன். ஜனம் அதை நகைச்சுவை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் பரிசு. சிறந்த நடிகர், அந்த அண்ணன், வெள்ளிமுலாம் கோப்பை. எனக்கு ஆறுதல் பரிசு: ஒரு துண்டு, ஒரு சோப்பு டப்பா. டப்பாவுக்குள் சோப்பு இல்லை.

முப்பத்தேழு வருஷமாகிறது. அந்த டப்பாவில் இப்போது ஊசி நூல் இருக்கிறது.

11.08.2025

நேற்று எழுதியதைப் படித்த நண்பர், "அப்படியானால் அன்றைக்கு நீதானே உண்மையான துணை நடிகர், பேர் சரியாகத்தானே வைத்தார்கள்" என்கிறார். யோசித்துப் பார்த்தேன். இந்திய வரலாற்றிலேயே அந்தச் சொல்லுக்குப் பொருத்தமாக நடித்த ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது.

வீட்டில் இன்னொரு திருத்தம்: சோப்பு டப்பா இருக்கிறதாம், மூடி அதனுடையது இல்லையாம்.

24.08.2025

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். உரக்கடைக்காரனை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், பரிசுக்குப் பணம் நான் கொடுத்திருந்தேன். (ஆமாம், மைக்செட் அப்பா மாதிரியேதான். சிரிக்க வேண்டாம்.) ஓரங்க நடிப்புப் போட்டி. கடைசியில் இரண்டு பெண் குழந்தைகள். ஒன்று கண்ணகி. இன்னொன்று, சந்தையில் மீன் விற்கும் ஆத்தாவாக வந்தது. மீன்கார ஆத்தாதான் நன்றாகச் செய்தது, சந்தேகமே இல்லை. கூடை இல்லாமலே கூடையின் பாரம் தெரிந்தது. ஆனால் கண்ணகியின் மாமா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் கடைக்குப் பெரிய வாடிக்கையாளர்.

முதல் பரிசை இரண்டு பேருக்கும் பங்கு போட்டேன். வாங்கி வைத்திருந்தது ஒரே ஒரு எவர்சில்வர் குடம். அதை வெட்ட முடியுமா? கடைவீதிக்கு ஆள் அனுப்பி, குடத்தைத் திருப்பிக் கொடுத்து இரண்டு கூஜா வாங்கி வரச் சொன்னேன். "கலைக்கு ஏது முதல், இரண்டு" என்று மைக்கில் பேசினேன். கைதட்டினார்கள்.

ஆகவே பங்கு போட்ட விருதைப் பற்றி 02.08 அன்று நான் எழுதிய கிண்டலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெல்லியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று தெரியும்.

23.09.2025, இரவு

போர்வெல் தண்ணீரில் முன்பட்டமாக நட்டதால் அறுப்பு முடிந்து நாலு நாளாகக் கொள்முதல் நிலையத்தில் காவல் கிடக்கிறேன். வெயிலும் தூறலும் மாறி மாறி. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், என்னுடையது அரை சதவீதம் கூடுதலாம். மறுபடி களத்தில் கொட்டிக் காலால் துழாவிக்கொண்டிருந்தபோது போனில் விழா ஓடிக்கொண்டிருந்தது.

மோகன்லாலுக்குப் பால்கே விருது. ஷாருக்கான். 'வாத்தி' பாட்டுகளுக்காக ஜி.வி. பிரகாஷ். பாஸ்கர் பேரைச் சொன்னதும் துழாவுவதை விட்டுவிட்டு நின்றேன். மூட்டை தூக்குகிற அண்ணன் எட்டிப் பார்த்து, "அட, நம்ம பட்டாபி! எதுக்குக் குடுக்குறாங்க?" என்றார். துணை நடிகர் என்றேன். "யாருக்குத் துணை?" என்றார்.

முத்துப்பேட்டைத் தம்பி, சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நெல்லுக்காவது ஒரு கருவி இருக்கிறது, குத்திப் பார்த்து நம்பர் சொல்லும். அதிலேயே இரண்டு கருவி இரண்டு நம்பர் காட்டுகிறது என்று பக்கத்து மூட்டைக்காரர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

24.09.2025

நெல் எடுத்துவிட்டார்கள். 16.8.

28.09.2025

ஞாயிற்றுக்கிழமை. கடையைப் பாதி சாத்தியிருந்தேன். மீன்கார ஆத்தா வந்தது. இப்போது கல்யாணமாகிக் கையில் குழந்தை, மாடித் தோட்டத்துக்கு விதை வாங்க வந்தது. 24.08 அன்று எழுதியதை யாரோ காட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. வெண்டை, கத்திரி, அவரை எல்லாம் எடுத்துக் காசு கொடுத்துவிட்டு, போகிற போக்கில் கேட்டது: "மாமா, அன்னைக்கு நான்தானே நல்லாப் பண்ணேன்?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு அப்பவே தெரியும். அந்தக் கூஜா ஒழுகும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விட்டது.

கண்ணகி யார் என்று தயவுசெய்து இங்கே யாரும் கேட்க வேண்டாம். அதுவும் இதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறது. அது வீட்டுக்காரர் கடையில் இரண்டு மூட்டை டி.ஏ.பி. பாக்கி வேறு.